முதல் ஏர் ரைபிள்: பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி வாங்காதீர்கள்

புதிதாக ஏர் ரைபிள் சுடப் பழகுகிறவர்கள் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இவர்கள் செய்யும் தவறெல்லாம் நாங்களும் அடித்த கூத்துதானே, இன்னுமா ஓயவில்லை? குழல் முனையை ஆள் பக்கம் திருப்பக் கூடாது, சுடும் நேரம் வரை டிரிகரில் விரல் போகக் கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்பதை எல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். காசைக் கரியாக்குகிற தவறுகள் கடை வாசலிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

வேகத்தைப் பார்த்து வாங்குவது

ஒரு பெட்டியில் பெல்லட்டின், அதாவது ரைபிள் சுடும் சிறு குண்டின், வேகம் வினாடிக்கு 600 அடி என்றும், பக்கத்துப் பெட்டியில் 1,250 அடி என்றும் அச்சிட்டிருக்கும். வாங்க வந்தவர் கை எந்தப் பெட்டிக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விற்பவரும் அதைத்தான் எடுத்து நீட்டுவார். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

முதலில் அந்த 1,250 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஈயம் கலக்காத, மிக லேசான உலோகக் கலவை பெல்லட்டைப் போட்டு அளந்த வேகம். அப்படிப்பட்ட 4.5 மி.மீ. பெல்லட் ஒன்றின் எடை 0.33 கிராம் அளவில் இருக்கும். நாம் தினமும் சுடும் ஈயப் பெல்லட் அரை கிராமுக்குச் சற்று மேல். அதே ரைபிள் அதே விசையோடு ஈயத்தைத் தள்ளினால் 1,000 அடிக்குப் பக்கத்தில்தான் வரும். பெட்டியில் எழுதியிருப்பது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சுடப்போகும் பெல்லட்டுக்கு அது பொருந்தாது.

சரி, லேசான பெல்லட்டையே போட்டு அந்த வேகத்தை எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,125 அடி போகும். பெல்லட் இடுப்பு ஒடுங்கிய, பின்பக்கம் பாவாடை போல விரிந்த வடிவம் கொண்டது. ஒலி வேகத்தின் எல்லையில் காற்று அதைப் பிடித்து ஆட்டும். கூடவே சவுக்குச் சொடுக்கியது போன்ற சத்தமும் கிளம்பும். வேகம் கூடக் கூட இலக்கு அட்டையில் ஓட்டைகள் விலகிப் போவதுதான் மிச்சம்.

"வேகம் குறைந்தால் பெல்லட் கீழே விழுந்துவிடாதா?" என்று கேட்பார்கள். விழும்தான். வினாடிக்கு 175 மீட்டர், அதாவது சுமார் 575 அடி வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டர் தூரத்துக்குள் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமாக இறங்கும். 300 மீட்டர் வேகத்தில் போவது அரை சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமாக இறங்கும். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே ஒரு சென்டிமீட்டர்தான். குறி பார்க்கும் சைட்டைச் சில சொடுக்குத் திருகினால் கணக்கு முடிந்தது. இந்த ஒரு சென்டிமீட்டருக்காகவா அவ்வளவு பெரிய ஸ்பிரிங்கைத் தோளில் வாங்க வேண்டும்?

தோள் என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டோம். ஸ்பிரிங் ரைபிளுக்குள் ஸ்பிரிங் தள்ளக் கனமான பிஸ்டன் ஒன்று பாய்கிறது; அது அழுத்தும் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முன்முனையில் போய் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் துள்ளும். வெடிமருந்துத் துப்பாக்கியில் இல்லாத இரட்டை உதை இது. போதாததற்கு, பெல்லட் குழலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அதனால் நீங்கள் எப்படிப் பிடித்திருக்கிறீர்கள், துப்பாக்கியின் பின்கட்டை கன்னத்தில் எங்கே படுகிறது, இடது கை எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் பெல்லட் போகும் திசையை மாற்றும். ஸ்பிரிங் பெரிதாக ஆக இந்தப் பாதிப்பும் கூடும். பழகிய கை, துப்பாக்கியை இறுக்காமல் உள்ளங்கையில் கிடத்தி, அதன் போக்கில் துள்ள விட்டுச் சமாளிக்கும். புதியவர் பயந்து இறுக்கிப் பிடிப்பார். இறுக்கப் பிடித்தால் காரியம் கெட்டது.

எங்களோடு சுட வந்த ஓர் இளைஞர் இப்படித்தான் பெரிய ஸ்பிரிங் ரைபிள் ஒன்றோடு வந்தார். மடக்கி லோடு செய்ய ஒவ்வொரு தடவையும் 20 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். ஆரம்பத்தில் உற்சாகமாகத்தான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. அட்டையில் ஓட்டைகள் ஆளுக்கொரு மூலையில். "எனக்குக் கண் சரியில்லை போல" என்றார். பக்கத்திலிருந்தவர் தன்னுடைய பழைய, மெதுவான டார்கெட் ரைபிளைக் கொடுத்தார். அதே கண், அதே கை, எல்லாம் ஒரு நாணயத்துக்குள் விழுந்தன. அந்தப் பையன் முகத்தில் வந்தது சந்தோஷமில்லை, கோபம். கோபப்பட அவருக்கு நியாயம் இருந்தது. பிறகு பெரிய ரைபிளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். அவராவது தப்பித்தார். "நமக்கு இது வராது" என்று மூட்டை கட்டிப் போனவர்கள்தான் அதிகம்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒலிம்பிக்கைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் 1984 முதல் அங்கே இருக்கிறது. அங்கே சுடும் அட்டையின் நடுவில் இருக்கும், பத்து மதிப்பெண் தரும் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். அதைத் துளைக்கும் ரைபிள்களின் வேகம் வினாடிக்கு 170, 175 மீட்டர் அளவில் இருக்கும். உலகத்திலேயே துல்லியமான ஏர் ரைபிள்கள், கடைக்காரர் "இது பசங்க சாமான்" என்று ஒதுக்கும் 600 அடிப் பெட்டியில் போட்ட வேகத்தைவிடவும் மெதுவாகச் சுடுகின்றன.

அதனால் முதல் ரைபிளில் பார்க்க வேண்டியவை வேறு. சாதாரண ஈயப் பெல்லட்டில் 550 முதல் 800 அடி வரை வந்தால் தாராளம். சோர்ந்து போகாமல் அடுத்தடுத்து லோடு செய்ய முடிகிறதா, டிரிகர் கரகரக்காமல் ஒரே இடத்தில் விடுபடுகிறதா, கன்னத்தை வைத்ததும் சைட் தானாகக் கண்ணுக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். இவை எதுவும் பெட்டியில் அச்சாகியிருக்காது. கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த காலிபர் (குழலின் உள்விட்டம்)?

4.5 மி.மீ. பெல்லட் மலிவு, எங்கும் கிடைக்கும், அட்டை சுட இதுவே போதும்.

எடுத்த எடுப்பில் பி.சி.பி.

முன்கூட்டியே காற்றடைத்த பி.சி.பி. ரைபிளில் உதை அநேகமாக இல்லை; சுடுவது சுகமான அனுபவம். ஆனால் ரைபிள் விலையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். 200 பார், சிலவற்றில் 300 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைக்க வேண்டும். சைக்கிள் பம்ப் வேலைக்கு ஆகாது. தனி கைப்பம்ப், சிலிண்டர், கம்ப்ரஸர் என்று செலவு தொடரும். கைப்பம்ப் அடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே குறி பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று நிரப்ப வழி உறுதியான பிறகு ரைபிளைப் பற்றி யோசியுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பி.சி.பி.யில் ஆக்சிஜன் அடைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் துளி எண்ணெயோடு சேர்ந்தால் வெடித்துவிடும். ஆளுக்கே ஆபத்து.

ரைபிளோடு வரும் ஸ்கோப்

பெட்டியிலேயே ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கி, இருந்தால் லாபம் என்று நினைப்பார்கள். மேலே சொன்ன இரட்டை உதை, அதிலும் அந்த முன்துள்ளல், மலிவு ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் கண்ணாடிகளைக் கழற்றிவிடும். பெரிய வெடிமருந்து ரைபிளில் தாங்கிய ஸ்கோப் இதில் தாங்காமல் போனதும் உண்டு. ஸ்பிரிங் ரைபிளுக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லும் ஸ்கோப்பாக இருக்க வேண்டும். அது ரைபிள் மேல் பொருத்தும் தண்டவாளத்தில் வழுக்கிப் பின்னால் போகாதபடி தடுப்பு முள்ளும் வேண்டும்.

இன்னொன்று பேரலாக்ஸ். சாதாரண ரைபிள் ஸ்கோப்புகள் 100 கெஜம் போன்ற தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. 10 மீட்டரில் அட்டை மங்கலாகத் தெரியும். கண் சற்று நகர்ந்தாலும் குறிக் கோடு அட்டை மேல் நகரும். 10 மீட்டர் வரை இறக்கக்கூடிய ஸ்கோப் கிடைக்கும் வரை ரைபிளிலேயே இருக்கும், கண்ணாடி இல்லாத ஓபன் சைட்டே மேல். என்னைக் கேட்டால் முதல் சில மாதம் ஸ்கோப்பே வேண்டாம்.

காலியாகச் சுட்டுப் பார்ப்பது

ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் இல்லாமல் டிரிகரை இழுக்காதீர்கள். பிஸ்டனுக்கு மெத்தையாக நிற்க எதிரே காற்றழுத்தம் இல்லாததால் அது நேராகப் போய் முட்டி, காற்று கசியாமல் தடுக்கும் சீல், ஸ்பிரிங் இரண்டையும் கெடுக்கும்.

எண்ணெய் விடுவது

புதுத் துப்பாக்கி என்றால் ஆசையாக எண்ணெய் விடத் தோன்றும். காற்று அழுந்தும் அறைக்குள் சாதாரண எண்ணெய் போனால், அழுத்தச் சூட்டில் பற்றிக்கொண்டு புகையும் வெடிச்சத்தமும் வரும். டீசலிங் என்பார்கள். சிலர் அதைக் கேட்டு "பவர் ஏறிவிட்டது" என்று மகிழ்வதும் உண்டு. ஏறியது சீலின் ஆயுளுக்கு வந்த கேடு. வெளி உலோகத்தைத் துடைக்க மட்டும் எண்ணெய்.

சட்டம்

வாங்கும் முன் கேளுங்கள். பெல்லட் வெளியேறும் ஆற்றலுக்கு ஜெர்மனியில் 7.5 ஜூல், இங்கிலாந்தில் ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு என்று நாட்டுக்கு நாடு எல்லைக்கோடு மாறும். அதைத் தாண்டினால் உரிமம் வேண்டும். வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னோர் இடம் இது.

ஒரே பெல்லட்டை மொத்தமாக வாங்குவது

ஒரே மாடல் ரைபிள் இரண்டு இருந்தால், இரண்டுக்கும் வேறு வேறு பெல்லட் பிடிக்கலாம். ஏன் என்று கேட்டால் குழலின் நுண்ணளவு, பெல்லட் பாவாடையின் அகலம் என்று பல காரணம் சொல்வார்கள். சுட்டுப் பார்க்காமல் தெரியாது. மூன்று நாலு வகையில் ஒவ்வொரு சிறு டப்பா வாங்குங்கள். குழலுக்குள் முந்தைய வகையின் ஈயம் படிந்திருக்கும் என்பதால் ஒவ்வொரு வகையிலும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ரைபிளை மணல் மூட்டை மேல் நேரடியாக வைக்காமல், மூட்டையின் மேல் உங்கள் கையை வைத்து அதில் ரைபிளைக் கிடத்தி, ஐந்தைந்தாகச் சுடுங்கள். ஓட்டைகள் நடுவில் விழுந்தனவா என்று பார்க்க வேண்டாம், நெருக்கமாக விழுந்தனவா என்று மட்டும் பாருங்கள். நடுவுக்குக் கொண்டுவர சைட் இருக்கிறது. எந்த வகை நெருக்கமாக விழுந்ததோ அதில் பெரிய டப்பாவை வாங்குங்கள், தட்டையான தலை கொண்டதாக இருந்தால் அட்டையில் ஓட்டை வெட்டியது போல விழும், எண்ணிப் பார்க்கவும் வசதி.