புரோபயாடிக்கும் புளித்த உணவும்: வயிற்றுக்காக வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக்கடையில் போய் நின்று "வயிறு சரியில்லை, நல்ல புரோபயாடிக் ஒண்ணு குடுங்க" என்று கேட்பதில்தான் முதல் தவறு ஆரம்பிக்கிறது. புரோபயாடிக் என்பது வயிற்றுக்கு நல்லது செய்யும் என்று உயிரோடு அடைத்து விற்கும் கிருமிகள். வயிறு சரியில்லை என்றால் என்ன? சாப்பிட்டதும் உப்பிக்கொள்கிறதா, நாலு நாளாக மலம் போகவில்லையா, பேதியா, ஆன்டிபயாடிக் முடித்ததிலிருந்து கலக்குகிறதா, பால் குடித்த அன்றைக்கு மட்டும் வாயு கட்டுகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, அதனால் ஒன்றுக்கு உதவும் கிருமி இன்னொன்றுக்கு உதவும் என்று எந்த உறுதியும் இல்லை. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஐ.பி.எஸ். என்கிற குடல் தொந்தரவுக்கு ஆராய்ச்சிக்கு வெளியே புரோபயாடிக் கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது அது. ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வரக்கூடிய ஒரு குறிப்பிட்ட குடல் தொற்றைத் தடுக்கச் சில வகைகளை மட்டும், அதுவும் நிபந்தனையோடு ஏற்கிறது. புரோபயாடிக்கே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. என்ன தொந்தரவு என்று தெரியாமல் வாங்கினால் காசு போவதோடு, உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய மாதங்களும் போய்விடும்.

சரி, தொந்தரவு என்னவென்று தெரிந்துவிட்டது, டப்பாவைக் கையில் எடுத்தாயிற்று. பெரும்பாலோர் பார்ப்பது எத்தனை கோடி கிருமி என்ற எண்ணை. 500 கோடியை விட 5,000 கோடி பத்து மடங்கு நல்லது என்று தோன்றும், ஆனால் அப்படிக் கிடையாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு நாள் அளவில் பொதுவாகக் குறைந்தது 10 கோடி உயிருள்ள கிருமிகள் இருக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு வேண்டும் என்பது எந்தக் கிருமியை எந்த அளவில் கொடுத்து ஆராய்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் எண்ணுக்கு முன்னால் பெயரைப் பாருங்கள், அதுவும் முழுப் பெயரை. வெறும் 'லாக்டோபேசில்லஸ்' என்றால் குடும்பப் பெயர் மட்டும் தெரிந்த மாதிரி. 'லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி' என்று கடைசியில் வரும் அந்த இரண்டு எழுத்தோ எண்ணோதான் ஆளை அடையாளம் காட்டுகிறது, ஆய்வுகளும் அந்த அடையாளத்தோடுதான் நடக்கின்றன. (2020-ல் இந்தக் குடும்பத்தையே பிரித்துப் புதுப் பெயர்கள் வைத்துவிட்டார்கள், அதனால் இதே கிருமியை 'லாக்டிகேசிபேசில்லஸ்' என்று போட்டிருந்தாலும் குழம்ப வேண்டாம்.) இன்னொரு பெயரும் நம் ஊர்க் கடைகளில் ரொம்ப நாளாகப் புழங்குகிறது: 'லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்'. அந்தப் பெயரே தவறு. உள்ளே இருப்பது பேசில்லஸ் கோயாகுலன்ஸ், லாக்டோபேசில்லஸ் இனம் விதையுறை போன்ற ஸ்போர் உருவாக்குவதே இல்லை.

லேபிளில் இன்னொன்றும் பாருங்கள். அந்தக் கோடிக்கணக்கு தயாரித்த அன்றைக்கா, எக்ஸ்பைரி தேதி வரைக்குமா? தயாரித்த அன்றைக்கு என்றால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் லாரியிலும் கடை அலமாரியிலும் கிடந்து உங்களிடம் வரும்போது எத்தனை உயிரோடு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கும் சரக்கு கடையில் வெளியே இருந்தால் வாங்காதீர்கள். ஸ்போர் வகை வெயிலைக் கொஞ்சம் தாங்கும். வீட்டில் நடக்கும் தவறு வேறு: பொடியைச் சூடான பாலிலோ வெந்நீரிலோ கலந்து குடிப்பது. ஆறின தண்ணீர் போதும்.

இப்போது சமையலறைக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 'இட்லி புரோபயாடிக், தினமும் நாலு சாப்பிட்டால் நல்ல பாக்டீரியா சேரும்' என்று சொல்லாத ஆள் இல்லை. மாவில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருப்பது உண்மை, லியூகோநாஸ்டாக் போன்றவைதான் மாவைப் பொங்க வைக்கின்றன. ஆனால் இட்லிக் கொப்பரையின் ஆவியில் அவை செத்துவிடும். அதற்காக இட்லியின் மதிப்பு குறைந்துவிடாது: புளிக்கும்போதே உளுந்தில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளைக் கிருமிகள் தின்றுவிடுகின்றன, இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. அதனால்தான் காய்ச்சல்காரருக்கு இட்லி ஒத்துக்கொள்கிறது. மோர்க்குழம்பும் இப்படித்தான், கொதித்த பிறகு தயிர்க் கிருமி மிஞ்சாது. உயிருள்ள கிருமி வேண்டுமென்றால் தயிரையும் மோரையும் சூடுபடுத்தாமல் சாப்பிட வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்கும் காரணம் இந்தக் கிருமிகளே, பாலில் உள்ள லாக்டோஸை அவை உடைத்துத் தருகின்றன.

பாக்கெட் தயிரில் 'பாஸ்ச்சரைஸ்டு' என்று போட்டிருப்பதைப் பார்த்து, அது செத்த தயிர் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. பாலைச் சூடாக்கிய பிறகுதான் உறை சேர்க்கிறார்கள், அந்தத் தயிர் உயிரோடுதான் இருக்கும். தயிரானபின் மறுபடி சூடாக்கியதாக எழுதியிருந்தால்தான் சந்தேகம். வீட்டிலேயே சோதிக்கலாம்: இளஞ்சூட்டுப் பாலில் அந்தத் தயிர் ஒரு ஸ்பூன் ஊற்றி ராத்திரி வையுங்கள், காலையில் உறைந்திருந்தால் கிருமி உயிரோடு இருக்கிறது. பழச்சுவை தயிரில் கிருமியைத் தேடுவதற்கு முன் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். ஊறுகாய் எல்லாம் புளித்தது என்று நினைப்பதும் தவறு. உப்பு நீரில் ஊறும் மாவடு நொதிக்கிறது, வினிகரும் எண்ணெயும் ஊற்றிக் காய்ச்சிய கடை ஊறுகாய்க்கும் நொதித்தலுக்கும் சம்பந்தமில்லை. இரண்டிலும் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை வயிற்று வைத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழைய சோறு எனக்கு மிகப் பிடித்தது, அதனாலேயே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளை வைத்து இதைப் பற்றி ஆய்வே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஆனால் மத்தியானம் வடித்த சோறு சாயங்காலம் வரை பானையில் வெதுவெதுப்பாகக் கிடந்து, ராத்திரி மிஞ்சியதற்குத் தண்ணீர் ஊற்றினால் அது ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் ஸ்போர் அரிசி வேகும்போதும் சாகாது, வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோறு வடித்ததும் அகலமான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் முங்க ஊற்றி மூடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் போதும், கோடையில் அதற்கும் குறைவு. கொழகொழவென்று நூல் விட்டாலோ கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் ஆர்வக்கோளாறு. ஒரே வாரத்தில் கேப்ஸ்யூல், கொம்புச்சா என்ற புளித்த தேநீர், கிம்ச்சி என்ற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய், ரெண்டு வேளை மோர் என்று எல்லாவற்றையும் தொடங்கினால், உப்புசம் கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. நானே அப்படிச் செய்து பத்து நாள் வயிறு கல்லாகக் கிடந்தேன். கேப்ஸ்யூலோடு சேர்த்திருந்த இன்யூலின் என்ற நார்ச்சத்துதான் காரணம் என்று, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தபோது தெரிந்தது. வெங்காயம், பூண்டு சாப்பிட்டால் வாயு கட்டுகிறவர்கள் லேபிளில் இன்யூலின், எஃப்.ஓ.எஸ். என்று இருக்கிறதா பாருங்கள், வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதும் அதே இனத்துச் சர்க்கரைதான். ஒரு நேரத்தில் ஒரே ஒன்று, நாலு வாரம், தினமும் என்ன ஆனது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். நாலு வாரத்தில் எதுவும் மாறவில்லையென்றால் நிறுத்திவிடலாம்.

ஆன்டிபயாடிக் மாத்திரையோடு பாக்டீரியா வகை கேப்ஸ்யூலையும் ஒரே வாயில் விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். புரோபயாடிக்காக விற்கும் சாக்கரோமைசஸ் பூலார்டி பாக்டீரியா அல்ல, ஈஸ்ட்; அதனால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. ஆன்டிபயாடிக் முடிந்ததும் எல்லோரும் கட்டாயம் புரோபயாடிக் எடுக்க வேண்டும் என்பதும் நிரூபணமானதல்ல. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் சிலரிடம் மட்டும் நடத்திய ஒரு சிறிய ஆய்வில், புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நாளானது.

குழந்தைக்குப் பேதி என்றதும் முதலில் புரோபயாடிக் குப்பியைத் தேடாதீர்கள், ஓ.ஆர்.எஸ். கரைசலும் மருத்துவர் சொல்லும் துத்தநாகமும்தான் முதலில். 2018-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் பேதியோடு வந்த குழந்தைகளுக்குப் புரோபயாடிக், வெற்று மருந்தைவிட அதிகப் பலன் தரவில்லை. குறைமாதக் குழந்தைகள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் இந்த 'நல்ல' கிருமியே ரத்தத்தில் கலந்து தொற்றாகியிருக்கிறது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப்பழக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கேப்ஸ்யூல் வாங்க நினைத்த பணத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள், எழுதிவைத்த அந்தக் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.