கேவியட் போட்டால் வீடு நம்முடையதாகிவிடுமா?

பினாங்கில் சொத்துத் தகராறு என்று பேச்செடுத்தால், "முதலில் ஒரு கேவியட் போட்டுவிடு" என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். சில சமயம் அது நல்ல யோசனைதான். ஆனால் கேவியட் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பாதிக் குழப்பம் தமிழ்நாட்டுச் செய்திகளால் வருவது. அங்கே கேவியட் மனு என்றால், 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே சொல்லி வைப்பது. அதன் ஆயுள் 90 நாள். இங்கே தீபகற்ப மலேசியாவில், நில அலுவலகத்தில் 19பி படிவம் கொடுத்து நிலப் பதிவேட்டில் ஏற்றுவது தனியார் கேவியட். அது இருக்கும்வரை, போட்டவர் சம்மதிக்காமல் நிலத்தைப் பெயர் மாற்றவோ வங்கிக்கு அடமானம் பதியவோ முடியாது. இரண்டுக்கும் மூலம் 'எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்ற பொருள் தரும் ஒரே லத்தீன் சொல்தான்.

எச்சரிக்கை, அவ்வளவே. உரிமை ஆகாது. பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரி. டிக்கெட் இருக்கிறதா என்று பிறகு கேட்பார்கள். போட்டுவிட்டு வழக்குத் தொடராமல் உட்கார்ந்திருந்தால் ஆபத்து. உரிமையாளர் நீக்கக் கோரி விண்ணப்பித்தால் உங்களுக்கு நோட்டீஸ் வரும். 2 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் நீட்டிப்பு உத்தரவு வாங்காவிட்டால் கேவியட் போய்விடும். யாரும் தொடாவிட்டாலும் 6 ஆண்டில் தானாகவே காலாவதி.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, கடன் பாக்கிக்குக் கேவியட் போடுவது. மச்சான் 20,000 ரிங்கிட் கைமாற்று வாங்கித் தரவில்லை என்றால் அது பணப் பிரச்சினை. அவர் வீட்டின்மேல் உங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. வீடு வாங்க ஒப்பந்தம் போட்டு முன்பணம் கட்டியவர் கதை வேறு, அவர் போடலாம். சிக்கல் என்னவென்றால், கோரிக்கை நியாயமானதா என்று நில அலுவலகம் ஆராய்வதில்லை. படிவமும் கட்டணமும் சரியாக இருந்தால் பதிவாகிவிடும். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கும்போது, தகுந்த காரணமின்றிப் போட்டதற்காக தேசிய நிலச் சட்டத்தின் 329ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கேட்டு மச்சானின் லாயர் கடிதம் அனுப்புவார். விற்பனை தள்ளிப்போன நஷ்டம் உங்கள் தலையில் விழும், அதுவும் கடனைவிடப் பெரிதாக இருக்கலாம்.

வாங்குகிறவர்கள் செய்யும் தவறு எளிமையானது: முன்பணம் கொடுத்த பிறகு சாரியான், அதாவது நிலப் பதிவேட்டுத் தேடல், எடுப்பது. கொம்தார் கட்டடத்தில் இருக்கும் நில அலுவலகத்தில் முதலிலேயே எடுத்துப் பார்த்தால், வேறு யாருடைய கேவியட்டாவது இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.