குழந்தைகளோடு வார இறுதியில் ஒரு நகரம்: இரண்டு இரவு, மூன்று அரை நாள்

வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் பயணம் தாளில் மூன்று நாள் போலத் தெரியும். உண்மையில் கையில் நிற்பது மூன்று அரை நாள்தான்: சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை. சனி மதியம் ஓய்வுக்குப் போய்விடும், மிச்சம் பயணத்துக்கு. ஆகவே பார்க்கும் இடமும் மூன்றுதான். அதில் ஒன்றைக் குழந்தையே சொல்லட்டும். பதினைந்து இடங்களைப் பட்டியல் போட்டுக் கிளம்பினால் ஐந்தாவது இடத்துக்குள் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள், அது குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்றுமில்லை.

எந்த நகரம் என்பதைக் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். ஒரு மணி நேர விமானப் பயணம், பாதுகாப்புச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பு, நகருக்குள் வருவது எல்லாம் சேர்ந்து சுலபமாக ஐந்து மணி நேரம் ஆகிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ரயில் இருந்தால் ரயிலே மேல், எழுந்து நடக்க முடியும். வெள்ளியன்று குழந்தை தூங்கும் நேரத்துக்குள் போய்ச் சேர முடியாதென்றால் சனி அதிகாலையில் கிளம்புங்கள். தூங்கிய பிள்ளையை ரயிலில் ஒருமுறை, டாக்சியில் ஒருமுறை, ஓட்டல் வரவேற்பறையில் ஒருமுறை எழுப்பினால் அதன் விலையைச் சனிக்கிழமை முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும்.

காரில் வாந்தி எடுப்பது இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை அதிகம். உடல் நகர்வதாக உள்காது சொல்கிறது, செல்போனையோ புத்தகத்தையோ பார்க்கும் கண் அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. இந்த முரண்தான் குமட்டல். திரையை அணைத்துவிட்டுத் தூரத்தில் உள்ளதைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், கிளம்பும் முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். மாற்றுத் துணி குழந்தைக்கு மட்டும் போதாது. மடியில் வைத்திருப்பவருக்கும் ஒரு சட்டை கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் அறைதான், அதுவும் அறையின் ஆடம்பரத்துக்கு அல்ல, அது இருக்கும் இடத்துக்கு. முக்கியமான இடத்திலிருந்தோ மெட்ரோ நிலையத்திலிருந்தோ பத்து நிமிட நடைக்குள் இருந்தால் மதியம் வந்து தூங்கலாம், நனைந்த உடையை மாற்றலாம். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் பெரிய அறையில் மதியத் தூக்கம் நடக்காது, மாலை முழுக்க எரிச்சல்தான். பதிவு செய்யும்போது குழந்தைகளின் வயதைச் சரியாகக் கொடுங்கள். இரண்டு பெரியவர்கள் என்று மட்டும் போட்டால் போய் நின்றபின் கூடுதல் படுக்கை இருக்காது, அல்லது கூடுதல் கட்டணம் கேட்பார்கள். லிஃப்ட் உண்டா, செக்-இன் நேரத்துக்கு முன்னும் அறையைக் காலி செய்த பின்னும் பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்பதை முன்பே கேளுங்கள். அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னல், பால்கனித் தாழ்ப்பாள், அடுத்து வெந்நீர்க் குழாயின் சூடு. குளியலறைக் கதவின் மேல்விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டால் கதவு முழுதாகச் சாத்தாது, சின்னது உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளாது.

அருங்காட்சியகமோ மிருகக்காட்சி சாலையோ, திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். கூட்டமும் இராது, குழந்தையும் தெளிவாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பெரிய அருங்காட்சியகத்தில் இரண்டு கூடம், அவ்வளவே. திங்களையும் சேர்த்துப் போகிறவர்கள் விடுமுறை நாளைப் பாருங்கள். பல அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும், பாரிஸின் லூவர் செவ்வாயன்று. எல்லா இடத்துக்கும் சேர்த்து விற்கும் நகர பாஸ் பெரும்பாலும் குடும்பத்துக்கு லாபமில்லை. ஒரு நாளில் மூன்று நான்கு இடம் நுழைந்தால்தான் அது கட்டுப்படியாகும், குழந்தைகளுக்கோ பல இடங்களில் இலவசம் அல்லது அரைக் கட்டணம். வயதுச் சான்றின் நகலைக் கொண்டுபோங்கள்.

நடையைத்தான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர்தான் என்பார்கள், உள்ளே சுற்றும் தூரத்தை யாரும் சேர்ப்பதில்லை. தள்ளுவண்டி இனி வேண்டாம் என்று வீட்டில் அறிவித்துவிட்ட நான்கு வயதுப் பிள்ளைக்கும் மடக்கும் ஸ்ட்ரோலர் (தள்ளுவண்டி) கைகொடுக்கும். ஆனால் சில காட்சிக்கூடங்கள் அதை வாசலிலேயே வைக்கச் சொல்லும், சில நிலையங்களில் படி மட்டும்தான் இருக்கும். கைக்குழந்தைக்கு, உடலோடு கட்டிக்கொள்ளும் துணித் தூளியும் வேண்டும். புதுச் செருப்பு வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு பூங்காவை வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி ஓடவிட்டால் அடுத்த இரண்டு மணி நேரம் ஓடும்.

சாப்பாட்டை ஒரு மணி வரை இழுக்காதீர்கள். பதினொன்றரைக்கு உட்கார்ந்தால் மேசை உடனே கிடைக்கும். ஒரு மணிக்குப் போனால் பசித்த குழந்தையோடு அரை மணி காத்திருப்பு. இடையில் பழம், பிஸ்கட், தண்ணீர். எங்கிருந்து கிளம்பினாலும் கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் கிளம்ப வேண்டும், ‘வரவில்லை’ என்றாலும்.

குழந்தை தொலைந்துபோனால் கண்டுபிடிக்க இரண்டு நிமிட ஏற்பாடு. காலையில் அறையை விட்டுக் கிளம்பும் முன் குழந்தையை அன்றைய உடையில் ஒரு படம் எடுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் நினைவுக்கு வராது. உங்கள் கைபேசி எண்ணை அதன் முன்கையில் பேனாவால் எழுதி மேலே ஒளிபுகும் பிளாஸ்டரை ஒட்டுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுதாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுபவரைக் குழந்தை நம்பிவிடும். பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடைக்காரரிடமோ குழந்தையோடு நிற்கும் அம்மாவிடமோ சொல்ல வேண்டும். மெட்ரோவுக்குத் தனி விதி: வண்டியில் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், நடைமேடையில் நின்றுவிட்டவர் நகரக் கூடாது. ஏறும்போது ஒரு பெரியவர் முதலில், மற்றவர் கடைசியில்.

பெட்டி ஒன்று, பகல் பை ஒன்று. ஒவ்வொரு நாள் உடையையும் தனித்தனிக் கவரில் கட்டுங்கள். வெப்பமானி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், வழக்கமான மருந்துகள். காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு அட்டையில் எழுதி ஒட்டுங்கள். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை சாப்பிட்டதும் பெட்டியைக் கட்டி வரவேற்பறையில் விட்டுவிட்டு மூன்றாவது இடத்துக்குப் போங்கள். வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் வந்து சேரும்படி ரயிலைப் பிடியுங்கள். ‘போகிற வழியில் இன்னும் ஒன்றே ஒன்று’ என்று யாராவது சொன்னால், அது பள்ளிப் பையை இரவு பத்து மணிக்கு அடுக்கப்போகாதவராகத்தான் இருப்பார்.