‘வெல்டர் தேவை’ பலகையை இறக்குவது எப்படி?

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதிகளிலும், புதுக்கோட்டைச் சாலையில் மாத்தூர்ப் பக்கத்திலும் உள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளின் வாசலில் ‘வெல்டர் தேவை, சம்பளம் ரூ.35,000 வரை’ என்பதுபோல ஒரு பலகை மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். 1960களில் பெல் (பி.எச்.இ.எல்.) என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இங்கே அமைந்தது. அதைச் சுற்றித் துணைத் தொழிற்கூடங்கள் எழுந்தன. 1975இல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் அந்த ஆலையோடு சேர்ந்து உருவாயிற்று. இரண்டு தலைமுறைகளாக வெல்டர்களை உருவாக்கிய ஊரில், அதுவும் ஒரு பட்டதாரியின் தொடக்கச் சம்பளத்தைவிடக் கூடுதலாக எழுதி வைத்தும், வெல்டர் கிடைக்கவில்லை என்றால் கேட்பவர் நம்பமாட்டார். ஆனால் உரிமையாளர்கள் பொய் சொல்லவில்லை. பலகையில் எழுதியிருக்கும் தொகை ஒருவகை வெல்டருக்கு உரியது, பட்டறையில் கிடக்கும் வேலை வேறுவகை வெல்டருக்கு உரியது, மாத இறுதியில் கைக்கு வரும் பணமோ இந்த இருவருக்குமே உரியதாக இல்லை. இந்த மூன்றையும் ஒரே ஆளுக்குப் பொருந்தும்படி செய்வது எப்படி என்பதைத்தான், இத்தகைய பட்டறைகளுக்குப் பல ஆண்டுகள் ஆள் எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில், சிறிய, நடுத்தர உரிமையாளர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள்

‘வரை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தத் தொகையையும் எழுதிவிடலாம். வருகிறவர் அதைப் பார்த்து ஏமாறுவதில்லை, சிரித்துவிட்டுப் போகிறார். உங்கள் பட்டறையில் ஒரு வெல்டரின் நாள் சம்பளம் ரூ.700 என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ரூ.18,200. பலகையில் எழுதிய ரூ.35,000ஐ அவர் தொட வேண்டுமானால் மீதி ரூ.16,800 மிகைநேர வேலையிலிருந்து வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ரூ.87.50; சட்டப்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்பதால் ரூ.175. ஆக, மாதத்துக்கு 96 மணி நேரம் ஓ.டி. பார்க்க வேண்டும், அதாவது வாரத்தில் ஆறு நாளும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் முகக்கவசத்தைக் கழற்றாமல் நிற்க வேண்டும். ஒரு காலாண்டில் இவ்வளவு மிகைநேரம் வாங்கச் சட்டமே இடம் தராது. பல பட்டறைகளில் நடப்பதுபோல ஓ.டி.க்கும் ஒற்றைச் சம்பளமே என்றால் 192 மணி நேரம் தேவைப்படும், அது நடக்கிற காரியமே இல்லை.

மறுபக்கம், ஓ.டி. இல்லாத ஒரு மாதத்தைக் கணக்கிடுங்கள். ரூ.18,200 முழுவதும் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் என்றால், 12 சதவீத பி.எஃப். பிடித்தம் ரூ.2,184, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் ரூ.137. கையில் ரூ.15,879. இந்தப் பிடித்தங்கள் வெல்டருக்கு நல்லவைதான், அவற்றை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலகையைப் பார்த்து வந்தவருக்கு அந்த முதல் மாதச் சம்பளம், எழுதியதில் பாதிகூட இல்லை. சிலர் நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கையும், தீபாவளிக்குத் தரும் 8.33 சதவீத போனஸையும்கூடக் கூட்டி அந்தப் பெரிய தொகையை எழுதுகிறார்கள். ஒரு பட்டறையில் ‘இந்த 35,000 எப்படி வந்தது?’ என்று நான் கேட்டபோது, ‘பக்கத்துப் பட்டறைப் பலகையில் 34,000 போட்டிருந்தது’ என்றார் மேலாளர். தொழிற்பேட்டையில் உயர்ந்திருப்பது பலகையில் எழுதும் தொகைதான், சம்பளம் உயர்ந்துவிட்டது என்று அதைவைத்து நினைத்துவிடக் கூடாது.

எனவே முதல் வேலை, உங்கள் வெல்டர்களின் கடந்த ஆறு மாதச் சம்பளப் பட்டியலை எடுத்து, ஓ.டி. நீங்கலாக, பிடித்தம் போக, நடுத்தரமான ஓர் ஆள் வீட்டுக்குக் கொண்டுசென்ற தொகையைத் தனியே குறித்துக்கொள்வது. விளம்பரத்தில் எழுத வேண்டியது அந்தத் தொகைதான். அதை எழுத வெட்கமாக இருந்தால், திருத்த வேண்டியது விளம்பரத்தை அல்ல, சம்பளத்தை.

எந்த இணைப்புக்கு ஆள் கேட்கிறீர்கள்?

நேர்முகத்துக்கு வந்த எவரையும் 6ஜி சோதனைக்கு அனுப்புவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. குழாயை 45 டிகிரி சாய்த்து, அசையாமல் நிறுத்திவைத்து, சுற்றிலும் வெல்டிங் செய்யச் சொல்லும் சோதனை அது. ஆர்கான் வாயு வெல்டிங்கில் ரூட் எனும் அடி ஓட்டத்தைப் போட்டு, மேலே ராடில் நிரப்பி, எக்ஸ்ரேயில் குறையில்லாமல் வருகிறவர் எந்த நிலையிலும் வேலை செய்வார் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவு கைவந்தவருக்கு ரூ.18,200 சம்பளமில்லை. அவர் சுத்திகரிப்பு ஆலை ஷட்டவுனுக்கோ (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலை), இஞ்ச்-டயா கணக்கில், அதாவது குழாய் விட்டத்தின் அங்குல அளவில் கூலி பேசும் குழாய்ப் பணிக்கோ, வளைகுடாவுக்கோ போய்விடுவார்.

கடந்த மூன்று மாதங்களில் உங்கள் பட்டறையிலிருந்து வெளியே போன வேலைகளின் வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்த இணைப்புக்கு உண்மையில் எக்ஸ்ரே கேட்டார்கள் என்று ஃபோர்மேனோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். தூண், பீம், டக்ட், தாங்கி என்று ஸ்ட்ரக்சர் வேலை செய்யும் பட்டறைகளில் பெரும்பாலான இணைப்புகள் சாதாரண ஃபில்லட்கள், அதாவது இரண்டு தகடுகள் சேரும் மூலையில் போடும் வெல்டிங். கிரேனால் புரட்டிப் போட்டால் பாதி வேலை தட்டை நிலைக்கே வந்துவிடும். அங்கே 3ஜி, அதாவது தகட்டை நிமிர்த்தி நிறுத்திவைத்து வெல்டிங் செய்யும் சோதனையில் தேறியவர் போதும். அவர் நிமிர்நிலை ஃபில்லட்டையும் தாராளமாகச் செய்வார். பத்து வெல்டர் வேண்டும் என்று ஆரம்பித்த ஒருவர், இப்படி எண்ணிப் பார்த்தபின் தமக்கு இரண்டு எக்ஸ்ரே வெல்டரும் எட்டு ஃபில்லட் வெல்டரும்தான் தேவை என்பதை உணர்ந்தால், அந்த இருவருக்குச் சந்தை விலையைக் கொடுக்கவும் அவருக்குப் பணம் மிஞ்சும். எல்லாரையும் ஒரே ‘வெல்டர்’ என்ற சொல்லுக்குள் அடைப்பதால்தான் சிறந்தவருக்குச் சம்பளம் குறைவாகவும், புதியவருக்குச் சோதனை கடினமாகவும் அமைந்து, இருவருமே வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

சோதனை நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிகளின் கீழ் ஒரு வெல்டருக்குத் தரப்படும் தகுதிச் சான்று, பொதுவாக அந்தச் சோதனையை நடத்திய நிறுவனத்துக்கு மட்டுமே செல்லும். அதே வெல்டர் அடுத்த வாசலுக்குப் போனால் முதலிலிருந்து மீண்டும் சோதனை. ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதத்துக்கு மேல் கைவிட்டிருந்தாலும் அந்த முறைக்கான தகுதி போய்விடும். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கூட வேலை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் செலவழித்து, தம்மை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கீரனூரிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ வருகிறவருக்குச் சோதனை நாள் சம்பளமும் மதியச் சாப்பாடும் தருவதாக விளம்பரத்திலேயே எழுதுங்கள். தேறாதவருக்கும் அதைக் கொடுத்தால், அவர் ஊருக்குப் போய் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார். அதைவிட மலிவான விளம்பரம் கிடையாது.

சம்பளத்தைவிடச் சம்பளத் தேதி

ஏழாம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். வேலை வாங்கிய பெரிய நிறுவனம் பணம் தர இழுத்தடிக்கும்போது, அந்த இழுவை கடைசியில் வெல்டரின் தலையில் வந்து விடிகிறது. சம்பளம் பதினைந்தாம் தேதி, இருபதாம் தேதி என்று நழுவுகிறது. சிறு தொழிலுக்குரிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; அதைக் கேட்டு வாங்கும் துணிவு எல்லாருக்கும் இருப்பதில்லை, அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், ஆயிரம் ரூபாய் குறைவாகத் தந்தாலும் ஐந்தாம் தேதி தவறாமல் தருகிற பட்டறையில் ஆள் நிலைப்பதையும், அதிகம் எழுதித் தாமதிக்கிற பட்டறையில் ஆள் கரைவதையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தொடாமல் தனிக் கணக்கில் வைத்திருப்பது, புது மெஷின் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதலீடு.

தூரத்து வேலையோடு போட்டியிடும்போதும் இதே கணக்குதான். வளைகுடாவில் தங்குமிடத்தையும் போக்குவரத்தையும் பெரும்பாலும் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. எனவே வெல்டர் ஒப்பிடுவது சம்பளத்தை அல்ல, மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சும் தொகையை. துவாக்குடியில் மூவர் தங்க ஓர் அறை எடுத்துக் கொடுத்தால், அந்த வாடகையின் மதிப்பு அதே தொகையைச் சம்பளத்தில் கூட்டுவதைவிட அவர்களுக்குப் பெரிதாகத் தெரியும்.

ஷட்டவுனுக்குப் போகிறவரைப் பற்றி என் கருத்து பல உரிமையாளர்களுக்குப் பிடிப்பதில்லை. ஒரு மாதம், நாற்பது நாள் என்று நடக்கும் அந்த வேலையில் நாள் கூலி மிக அதிகம். நல்ல வெல்டரை அது இழுக்கத்தான் செய்யும். சொல்லாமல் போய்விட்டார் என்று கோபித்துக்கொண்டு, திரும்பி வந்தவரைச் சேர்க்க மறுப்பதைவிட, முன்கூட்டியே தெரிவித்தால் ஆண்டுக்கு ஒரு முறை சம்பளமில்லா விடுப்பில் போய்வரலாம், பணித் தொடர்ச்சி அறுபடாது என்று எழுத்தில் தந்துவிடுங்கள். போனவர் திரும்பி வருவார். உங்கள் உற்பத்தித் திட்டத்துக்கும் ஒரு தேதி கிடைக்கும்.

ஆளை வாங்குவதா, வளர்ப்பதா?

இதுவரை சொன்னதெல்லாம் இருக்கிற வெல்டர்களைப் பங்கிட்டுக்கொள்வதற்கான வழிகள். புதியவர்கள் வராமல் போனது வேறு கதை. 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்கு உட்பட்டோரில் உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. பிள்ளை கல்லூரிக்குப் போவதைக் குறையாகச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. 2010களின் நடுவில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது இந்தப் பகுதிப் பட்டறைகள் பல மூடிக் கிடந்ததையும், வெல்டர்கள் வேறு வேலை தேடிப் போனதையும் கண்ணால் பார்த்த அப்பாக்கள் தங்கள் மகன்களைத் துவாக்குடிக்கு அனுப்பத் தயங்குகிறார்கள் என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல, நினைவு. அத்துடன் வேலையின் கடுமை. அக்னி நட்சத்திர வெயிலில், 200 டிகிரிக்குச் சூடேற்றிய உருக்குக் குழாயின் மேல் குனிந்து நிற்பதும், ஆர்க் வெளிச்சம் பட்ட இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்த, விடிய விடிய உட்கார்ந்திருப்பதும் எந்தப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. தானாகவே இருண்டுகொள்ளும் முகக்கவசம், புகை உறிஞ்சி, தோல் ஏப்ரன், கதவுள்ள கழிப்பறை: இவை இல்லாத பட்டறை மற்றதை எல்லாம் சரிசெய்தாலும் பயனில்லை.

வளர்ப்பதற்கு ஆள் பெரும்பாலும் உங்கள் பட்டறைக்குள்ளேயே இருக்கிறார். கிரைண்டிங் செய்யும் ஹெல்பர், கேஸ் கட்டர், ஃபிட்டருக்குக் கூட நின்று டேக் (துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு வெல்டிங்) போடும் பையன் ஆகியோரில் கை நடுங்காத இருவரைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு, நாளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். வெட்டி மிஞ்சிய தகடுத் துண்டுகள் போதும். ஆனால் ராடில் கஞ்சம் பிடிக்கக் கூடாது, ஈரம் பட்டால் கெடும் 7018 வகை ராடை அடுப்பில் உலர்த்தாமல் கொடுத்துவிட்டுப் பையனின் கையைக் குறை சொல்லக் கூடாது. முதலில் கிடைநிலை ஃபில்லட், பிறகு நிமிர்நிலை, பிறகு 3ஜி. ஒவ்வொரு படியிலும் துண்டை வளைத்துப் பார்க்கும் சோதனை. கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்குத் தனிப்படி தராவிட்டால் அவர் கற்றுக்கொடுக்கமாட்டார். தம் மதிப்பைத் தாமே குறைத்துக்கொள்ள அவருக்கு என்ன அவசியம்?

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பாடப்பிரிவு ஓராண்டு. ஃபிட்டர், டர்னர் இரண்டாண்டு. பாடம் முடித்தவரை அப்ரன்டிஸாகச் சேர்த்தால், நீங்கள் தரும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அப்ரன்டிஸ் சேர்ப்பது கட்டாயம். நான்கு பேர் இருந்தாலே விரும்பினால் சேரலாம் என்பது சிறு பட்டறைக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

‘பழக்கிவிட்டால் பக்கத்துக்காரன் கூட்டிக்கொண்டு போய்விடுவான்’ என்ற அச்சம் நியாயமானது. அதற்காக அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்தச் செய்தி ஐ.டி.ஐ. வளாகத்துக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும். சோதனையில் தேறிய மாதமே சம்பளத்தை உயர்த்துவதும், தகுதிச் சான்றின் நகலை அவர் கையில் கொடுப்பதும்தான் வழி. தேறிய பிறகும் ஹெல்பர் சம்பளத்தில் ஓராண்டு வைத்திருக்கலாம் என்று நினைத்தால், அவர் போவது உறுதி, போவதும் சரியே.

இனிப் புதுப் பலகையை எழுதலாம். ‘ஃபில்லட் வெல்டர் எட்டுப் பேர், 3ஜி சோதனை. ஓ.டி. இல்லாமல், பிடித்தம் போகக் கையில் இவ்வளவு. ஓ.டி.க்கு இரட்டிப்பு. சம்பளம் ஐந்தாம் தேதி. தங்க இடம் உண்டு. சோதனை நாளுக்குச் சம்பளம் உண்டு.’ இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. பலகையை மாட்டிய அன்றே வாசல் காவலாளியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, விசாரிக்க வந்தவர் எத்தனை பேர், என்ன கேட்டார்கள், எந்தப் பதிலைக் கேட்டதும் திரும்பிப் போனார்கள் என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டை மேலாளரிடம் விடாமல் நீங்களே படியுங்கள்.