ஊர்த் தீயணைப்புத் துறையை மாநில ரேடியோவில் சேர்ப்பது: மினசோட்டாவில் நாங்கள் செய்த விதம்

மினசோட்டாவின் சிற்றூர்களில் தீயணைப்பு வீரர் என்றால் முழுநேர ஊழியர் இல்லை. விவசாயி, மெக்கானிக், பள்ளி ஆசிரியர், என்னைப்போல மென்பொருள் எழுதுகிறவர். இடுப்பில் பேஜர் அலறினால் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவோம். எங்கள் துறை வெகுகாலம் ஒரே ஒரு வி.எச்.எஃப். (பழைய வகை ரேடியோ அலைவரிசை) சேனலில்தான் பேசிக்கொண்டிருந்தது. அதை மாநிலப் பொது ரேடியோ அமைப்பான ஆர்மருக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. இப்போது வேறு ஊர்களில் தீயணைப்பில் சேர்ந்திருக்கும் தமிழ் நண்பர்கள் இரண்டு பேர் அதே வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆர்மர் 800 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பி25 (அவசர சேவைகளுக்கான ரேடியோ தரம்) டிஜிட்டல் டிரங்கிங் அமைப்பு; அதாவது, அலைவரிசைகளை எல்லோரும் பகிர்ந்துகொள்ள, யாருக்கு எது என்று அமைப்பே ஒதுக்கும். மாநிலம் முழுக்க 300-க்கும் மேற்பட்ட டவர்கள். நடத்துவது மாநிலப் போக்குவரத்துத் துறை. போலீஸ், ஆம்புலன்ஸ், பனி அள்ளும் வண்டி என எல்லோரும் இதில்தான். 2007-இல் மினியாபொலிஸில் ஐ-35டபிள்யூ பாலம் இடிந்து விழுந்தபோது பல துறைகள் ஒன்றாகப் பேச முடிந்தது இந்த அமைப்பால்தான்.

படி 1: முதலில் கவுண்டி, அப்புறம் கடை

விற்பனையாளரை அழைப்பதற்கு முன் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) ரேடியோ பொறுப்பாளரைப் பாருங்கள். எத்தனை ரேடியோ, எந்தெந்த டாக்குரூப் (ஒரு குழு தங்களுக்குள் பேசும் சேனல் போன்றது) என்பதெல்லாம் பங்கேற்புத் திட்டமாக எழுதப்பட்டு மேலே ஒப்புதல் பெற வேண்டும். ஒவ்வொரு ரேடியோவுக்கும் தனி எண் உண்டு. அதைத் தருவதும் அவர்கள்தான். சிஸ்டம் கீ எனும் மின்னணுச் சாவி இல்லாமல் யாரும் புரோகிராம் செய்ய முடியாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய ரேடியோவை வாங்கிவிட்டுப் பிறகு அனுமதி கேட்காதீர்கள்.

படி 2: பணம்

கையில் பிடிக்கும் பி25 ரேடியோ ஒன்றே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். மத்தியப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா தீயணைப்புத் துறைகளுக்குத் தரும் உதவித்தொகையில், 20,000 பேர் வரை உள்ள ஊர் என்றால் நாம் போட வேண்டிய பங்கு 5 சதவீதம்தான். பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போடுவது நல்லது. எல்லோர் கையிலும் ஒரே மாதிரி ரேடியோ இருக்கும். உதவித்தொகை கேட்க, மத்திய அரசின் சாம் தளத்தில் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

ரேடியோ தேர்வில் என் கருத்து உறுதியானது: தடித்த கையுறையோடு திருகக்கூடிய பெரிய குமிழ் வேண்டும், தோளில் மாட்டும் ஸ்பீக்கர் மைக் வேண்டும். வண்ணத் திரைக்கும் ப்ளூடூத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். வி.எச்.எஃப்., 800 மெகாஹெர்ட்ஸ் இரண்டையும் எடுக்கும் விலை உயர்ந்த ரேடியோ சீஃபுக்கும் முதல் வண்டிக்கும் இருந்தால் போதும்.

படி 3: டெம்ப்ளேட்

எந்தக் குமிழ் நிலையில் எந்தச் சேனல் என்று பட்டியல் போடுவதுதான் டெம்ப்ளேட். இதை ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. பக்கத்து ஊர்களின் பட்டியலை வாங்கி முதல் மண்டலத்தை (ரேடியோவில் சேனல்களின் முதல் தொகுப்பை) அவர்களுடையதைப் போலவே வையுங்கள். "குமிழை நாலுக்குத் திருப்பு" என்று கத்தினால் எந்த ஊர்க்காரர் கையும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். கடைசி நிலையில் எல்லோருக்கும் தெரிந்த சிம்ப்ளெக்ஸ் சேனல், அதாவது டவர் இல்லாமல் ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு நேராகப் பேசும் சேனல். புகையில் கண் தெரியாதபோது குமிழைக் கடைசிவரை திருகினால் அங்கே போய் நிற்கும்.

படி 4: டவர் எட்டாத இடம்

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம்.

பழைய சேனலில் நான் பேசினால் பக்கத்தில் இருப்பவர் ரேடியோ நேராக அதைப் பிடிக்கும். டிரங்கிங்கில் அப்படி இல்லை. பட்டனை அழுத்தியதும் என் ரேடியோ டவரிடம் இடம் கேட்கிறது. வங்கியில் டோக்கன் வாங்கி, எந்தக் கவுண்டர் காலியோ அங்கே போவதுபோல, அமைப்பு ஒரு காலி அலைவரிசையை ஒதுக்குகிறது. 'பிப் பிப்' என்று அனுமதி ஒலி வந்த பிறகுதான் பேச வேண்டும். முந்திக்கொண்டால் முதல் வார்த்தை போய்விடும். டவரே எட்டவில்லை என்றால் 'டூங்' என்று கனமாக ஒரு ஒலி. அவ்வளவுதான். பத்தடி தள்ளி நிற்பவருக்குக்கூட நாம் பேசியது போகாது.

எங்களுக்கு இது தெரிந்தது, நல்லவேளையாக, ஒரு பயிற்சியில். டிராக்டர்கள் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குள் நானும் இன்னொருவரும் புகை போட்டுப் பழகினோம். அவர் வழி தவறி என்னை அழைத்தார். அவர் காதில் 'டூங்', என் காதில் எதுவுமே இல்லை. உண்மையான தீயாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

ஒவ்வொரு கவுண்டியிலும் 95 சதவீதப் பரப்பில் வண்டி ரேடியோ வேலை செய்ய வேண்டும் என்பது ஆர்மரின் வடிவமைப்பு இலக்கு. கவனியுங்கள், வண்டி ரேடியோ. கூரை மேல் ஆன்டெனா வைத்த ரேடியோவும், அடித்தளத்தில் தவழ்ந்து போகிறவர் தோளில் தொங்கும் ரேடியோவும் ஒன்றல்ல.

அதனால் நாங்கள் வைத்த விதி: எரியும் கட்டடத்துக்குள் போகிறவர்கள் சிம்ப்ளெக்ஸில், அதுவும் அனலாக்கில். டிஜிட்டல் ரேடியோ மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது; சங்கிலி ரம்பமும் ஆபத்து அலாரமும் சேர்ந்து கத்தும்போது பேச்சு குழறிப்போகும். அனலாக்கில் இரைச்சல் இருந்தாலும் சொல் புரியும்.

இதில் ஒரு இழப்பு உண்டு. சிம்ப்ளெக்ஸில் ஆரஞ்சு நிற அவசரப் பட்டனை அழுத்தினால் அது டிஸ்பாட்ச் (அழைப்பை ஏற்று வண்டிகளை அனுப்பும் மையம்) வரை போகாது. எனவே வெளியே நிற்கும் கமாண்டர் இரண்டு ரேடியோ வைத்திருக்க வேண்டும்: ஒன்று உள்ளே இருப்பவர்களுக்கு, ஒன்று ஆர்மருக்கு. சிம்ப்ளெக்ஸ் ரேடியோவை விட்டு அவர் நகரவே கூடாது.

பிறகு ஒரு சனிக்கிழமை ஊரைச் சுற்றுங்கள். பள்ளி அடித்தளம், தானியக் கிடங்கு, முதியோர் இல்லத்தின் நடுக்கூடம் என ஒவ்வொன்றிலும் அழுத்திப் பார்த்து, 'டூங்' வந்த இடங்களை வரைபடத்தில் குறித்து வண்டியில் ஒட்டுங்கள்.

படி 5: பேஜர்

பழைய வி.எச்.எஃப். பேஜரைத் தூக்கிப் போடாதீர்கள். இங்கே பல துறைகள் பேச்சை ஆர்மருக்கு மாற்றியும் அழைப்பை வி.எச்.எஃப்.-இலேயே வைத்திருக்கின்றன. இரண்டையும் எடுக்கும் யூனிகேஷன் ஜி5 எனக்குப் பிடித்தது, ஆனால் எல்லோருக்கும் வாங்கக் கட்டுப்படியாகாது.

படி 6: பயிற்சி

மாதம் ஒருமுறை கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு சேனல் மாற்றப் பழகுங்கள். மைக்கைக் கவசத்தின் பேச்சுத் துளைக்கு ஓரிரு அங்குலத்தில் பிடிக்க வேண்டும். ஜனவரி குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உதிரி பேட்டரியைக் கோட்டுக்குள் வையுங்கள்.

பிற்சேர்க்கை: "ஸ்கேனில் போட்டும் பக்கத்து ஊர் பேசுவது கேட்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஸ்கேன் என்றால் ரேடியோ பல சேனல்களை மாறி மாறிக் கேட்பது. ரேடியோவில் கோளாறு இல்லை. ஒரு டாக்குரூப்பில் யாராவது ஒருவர் உங்கள் டவரில் பதிவாகியிருந்தால்தான் அந்த டவர் அதை ஒலிபரப்பும். கட்டாயம் கேட்டாக வேண்டியதை ஸ்கேனில் விடாமல் குமிழிலேயே வையுங்கள்.

இன்னொன்று: வேறொருவரின் துறை, ஆர்மர் வந்துவிட்டதே என்று பழைய வி.எச்.எஃப். உரிமத்தைக் காலாவதியாக விட்டுவிட்டதாம். அலைவரிசை உரிமம் தரும் மத்திய அமைப்பான எஃப்.சி.சி.-யின் உரிமம் பத்து ஆண்டுகளுக்குத்தான். பேஜர் அழைப்பும் வி.எச்.எஃப். சிம்ப்ளெக்ஸும் அதை நம்பித்தான் இருக்கின்றன. உங்கள் துறையின் உரிமம் எந்த நாளில் முடிகிறது, யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற சீஃபின் மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.