காகிதக் கவசத்தை ரெசினும் ஃபைபர் கிளாஸும் போட்டுக் கெட்டியாக்குவது எப்படி

காகித மாடல்களை விரித்துத் தரும் பெப்பகுரா மென்பொருளின் ஃபைலை அச்சடித்து, வெட்டி, மடித்து, ஒட்டி முடித்த தலைக்கவசம் மேசைமேல் கம்பீரமாகத்தான் இருக்கும். நாலு தடவை மாட்டிக் கழற்றினால் அப்பளம்தான். அது தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் வெளியே ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) பூசி, உள்ளே ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி இழை) ஒட்டி, மேலே பள்ளங்களை நிரப்பும் பட்டி போட்டுத் தேய்க்க வேண்டும்.

என் முதல் தலைக்கவசத்தின் இரண்டு கன்னமும் உள்பக்கம் சாய்ந்து காதை உரசிக்கொண்டிருந்தன. ரெசின் பூசிவிட்டுத் தூங்கப் போனேன். ஈரத்தில் காகிதம் தொய்ந்தது, தொய்ந்த நிலையிலேயே இறுகியும் போனது. காகிதமாக இருக்கும்வரை எந்தக் கோணலையும் விரலால் சரிசெய்யலாம். ரெசின் இறுகிய பிறகு ரம்பம் எடுத்தால்தான் உண்டு. ஆகவே ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முந்தைய வேலைதான் பாதி வேலை.

முதலில் பாதுகாப்பு

இங்கே பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற, ஆவியாகும் தீங்கான ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் அதன் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும். வேலை திறந்தவெளியில். நைட்ரைல் கையுறை, முழுக்கை சட்டை, கண்ணைச் சுற்றிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து, அதனால் அளக்கும்போதும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் கூடாது.

முட்டுக் கொடுப்பது

அட்டை 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவில், பளபளப்புப் பூச்சு இல்லாததாக இருக்கட்டும். வழவழப்பான தாள் ரெசினை உறிஞ்சாது. பிரிந்திருக்கும் ஓரங்களை எல்லாம் மறுபடி ஒட்டுங்கள்.

அடுத்து, திறந்திருக்கும் பக்கங்களுக்குக் குறுக்கே முட்டு. தலைக்கவசமானால் கழுத்துத் துளைக்கும் முகத் துளைக்கும் குறுக்காக அட்டைப் பட்டைகளையோ ஐஸ் குச்சிகளையோ ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் இடது வலது அகலத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். நெஞ்சுக் கவசம் அகலமானது, எளிதில் விரியும். அதற்கு நாலைந்து முட்டுகள் வேண்டும். தலையில் மாட்டிப் பார்ப்பதும் இப்போதே. உள்ளே ஃபைபர் கிளாஸும் ஸ்பாஞ்சும் வரப்போகின்றன. இப்போதே கச்சிதமாகப் பிடித்தால் கடைசியில் தலை நுழையாது.

கலவை

100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் ஹார்டனர், அதாவது எம்இகேபி (MEKP) என்ற திரவம். இது பொது அளவு, டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சட்டம். குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசும் ஊசியில்லாத சிரிஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். கூடினால் சூடேறி வெடிப்பு விடும்.

சிலவகை ரெசினில், இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் தனியாக வரும். அதையும் ஹார்டனரையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். புதியவர்கள் ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். சாதாரண வெப்பநிலையில் 10, 15 நிமிடத்தில் கெட்டியாகத் தொடங்கிவிடும். ஆழமான கிண்ணத்தில் மிச்சம் கிடந்தால் தானே சூடேறிப் புகையும், அதனால் அகலமான, ஆழமில்லாத தட்டு சிறந்தது.

வெளிப்பூச்சு

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிப்பக்கம் மட்டும், மெல்லியதாக, பிரஷால். வழிந்து தேங்கினால் பின்னால் தேய்த்தே கை ஓய்ந்துவிடும். பூசியதும் அகலத்தை மறுபடி அளந்து பாருங்கள். இறுகும்வரை சில நிமிடங்கள் அவகாசம் உண்டு. காய்ந்தபின் இன்னொரு பூச்சு.

உள்ளே ஃபைபர் கிளாஸ்

சதுர மீட்டருக்கு 225 அல்லது 300 கிராம் எடையுள்ள மேட் (நெய்யாமல் இழைகளைப் பிணைத்துச் செய்த விரிப்பு) போதும். பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் மேட்டின் பிணைப்புப் பொருள் கரைந்து, இழைகள் வளைவுக்கு வளைந்துகொடுக்கும். நாற்றத்துக்குப் பயந்து எபாக்சி என்ற வேறுவகை ரெசினை வாங்கினால் மேட்டுக்குப் பதில் நெய்த துணி வாங்குங்கள். எபாக்சி அந்தப் பிணைப்பைக் கரைக்காது.

மேட்டை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக முன்கூட்டியே பிய்த்து வையுங்கள். கத்தரித்த ஓரம் திட்டாகத் தெரியும், பிய்த்த ஓரம் பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும். கூர்மையான உள்மூலைகளில் மேட் படியாமல் பாலம் போல நின்று அடியில் காற்று தங்கும். அங்கே மட்டும் பட்டியும் ரெசினும் கலந்த குழம்பை முதலில் அப்பி மூலையை மழுக்கிவிடுங்கள்.

உள்ளே ரெசின் தடவி, துண்டை வைத்து, பிரஷ் நுனியால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்தால் இழைகள் பிரஷோடு வந்துவிடும். வெள்ளையாக இருந்த மேட் கண்ணாடி போல ஆனால் நனைந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது காற்று. மேட் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் செலவாகும். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விரலகலம் ஏறட்டும். முட்டு இருக்கும் இடத்தைச் சுற்றிப் போட்டுவிட்டு, இறுகியபின் முட்டுகளை அறுத்தெடுத்து அந்த இடத்தை மூடுங்கள். தலைக்கவசத்துக்கு ஓர் அடுக்கு போதும். ஓரங்களுக்கும் பட்டை மாட்டும் இடங்களுக்கும் இரண்டு அடுக்கு. ஆர்வக்கோளாறில் எல்லா இடத்திலும் மூன்று அடுக்கு போட்டால் கழுத்துதான் வலிக்கும்.

ஒரு நாள் விடுங்கள். மேல்பரப்பு லேசாக ஒட்டினால் பதறாதீர்கள், காற்றுப் படும் பக்கத்தில் சில பாலியெஸ்டர் ரெசின்கள் முழுதாக இறுகாது. அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தால் போகும்.

பட்டி, தேய்ப்பு, பெயிண்ட்

நீட்டிக்கொண்டிருக்கும் ஓர இழைகள் ஊசி போலக் குத்தும், முதலில் அவற்றை வெட்டிவிடுங்கள். இந்தத் தூசிக்குத் துகள் வடிகட்டும் மாஸ்க் வேண்டும். தேய்த்து முடித்தால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், அரிப்பு குறையும்.

கார் பாடிக்குப் போடும் பட்டியை வெளியே மெல்லியதாக இழுங்கள். அரைகுறையாக இறுகும் நேரத்தில் மேடுகளைக் கத்தியால் சீவிவிட்டால் தேய்ப்பு வேலை பாதியாகும். பிறகு உப்புத்தாள் 80, 120, 220, கடைசியில் 400. தேய்க்கும்போது காகிதம் பஞ்சாகக் கிளம்பினால் பெயிண்டால் மறைக்கப் பார்க்காதீர்கள், அங்கே கொஞ்சம் ரெசின் தடவிக் காயவிட்டுத் தொடருங்கள்.

பிரைமர் அடித்ததும் அதுவரை தெரியாத பள்ளமெல்லாம் பல்லிளிக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சுற்றுப் பட்டி திரும்பத் தேவைப்படுகிறது. பட்டைகளுக்கான துளைகளை பெயிண்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். உள்ளே ஒட்டும் ஸ்பாஞ்ச் மட்டும் எல்லாம் காய்ந்தபின்.