மேடை பாடுகிறது, சபை பார்க்கிறது: திருத்துவது எப்படி?

அடுத்த ஞாயிறு ஆராதனையில் இரண்டாம் பாட்டின் கடைசிச் சரணத்தில் கீபோர்டு, ரிதம் பேட் (மின் தாளக்கருவி), மைக் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சபை அதே வேகத்தில் பாடி முடித்தால் கவலையில்லை. இரண்டே வரியில் குரல் தேய்ந்து, எல்லாரும் நிமிர்ந்து மேடையைப் பார்த்தால், அதுவரை அங்கே நடந்தது கச்சேரி. கடலூர் தேவனாம்பட்டினத்து ஷீட் கூரை ஜெபவீடோ, புதுச்சேரி ஏசி மண்டபமோ, எங்கும் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் கட்டையை, அதாவது பாட்டை எடுக்கும் சுருதியைப் பாருங்கள். பாட்டு நடத்துபவர் தன் குரல் எடுப்பாகக் கேட்கும் கட்டையைப் பிடிக்கிறார். பின்வரிசைப் பாட்டிகளுக்கு அது எட்டுவதில்லை, வாயை மூடிக்கொள்கிறார்கள். பாட்டின் மிக உயர்ந்த சுரம் மேல் 2 கட்டையை (கீபோர்டில் D) தாண்டக் கூடாது, மிஞ்சிப் போனால் இரண்டரை. மேல் சட்ஜத்தோடு நின்றுவிடும் கீர்த்தனையை 2 கட்டையிலேயே எடுக்கலாம். மேல் பஞ்சமம்வரை ஏறுவதைக் கீழ் 5 கட்டைக்கு (G) இறக்க வேண்டும். அப்படி இறக்கியபின் கீழ் சுரங்கள் யாருக்கும் கேட்காமல் போனால், அந்தப் பாட்டைப் பாடகர் குழுவுக்கு விட்டுவிடுங்கள். எல்லாப் பாட்டும் சபைக்கானதில்லை.

அடுத்தது சத்தம். 60 அடி நீள மண்டபத்தில் மேடைச் சத்தம் மொட்டையான பின்சுவரில் மோதித் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். தாளம் பிந்திக் கேட்கிறது. மேடையில் இருப்பவர் தன் குரலே கேட்கவில்லை என்று மானிட்டரை (மேடையைப் பார்த்த ஸ்பீக்கரை) ஏற்றச் சொல்கிறார். அதைக் கேட்டு டிரம்ஸ் ஓங்குகிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்கார்ந்திருக்கும் பையனைத் திட்டிப் பயனில்லை. பின்சுவரில் கனமான திரை தொங்கவிட்டு, ஸ்பீக்கரைச் சுவரை விட்டு ஆட்களைப் பார்க்கச் சற்றே கீழே சாயுங்கள். பிறகு நடு வரிசையில் நின்று பக்கத்தில் இருப்பவர் பாடுவது காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் முதலில் குறைக்க வேண்டியது கீபோர்டை. ஃபோன் செயலியில் அளந்தால் 80 டெசிபெல் பக்கம் போதும். 100 டெசிபெலில் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் காதுக்கே கேடு.

பல்லவியை எட்டு முறை சுற்றிச் சுற்றிப் பாடி, சரணங்களை விட்டுவிடும் பழக்கம் இப்போது அதிகம். கீர்த்தனையின் உபதேசம் சரணத்தில்தான் இருக்கிறது: சிலுவை, பாவ அறிக்கை, மரணம், நம்பிக்கை எல்லாம். பல்லவி உடம்பை மட்டும் சூடேற்றும். மூன்று பாட்டைக் குறைத்து ஒன்றை முழுதாகப் பாடுங்கள். சரணத்துக்கு நடுவே “இன்னும் சத்தமா!” என்று யாரும் மைக்கில் கத்த வேண்டாம்.

கடலூர் மாவட்டத்து லுத்தரன் சபைகளுக்கு மேடைத் தொல்லை குறைவு. ஆராதனை முறைமைப் புத்தகம் கையில் இருக்கிறது. அங்கே நோய் வேறு. பாவ அறிக்கையை ரயில் அறிவிப்புபோல ஒப்பிக்கிறார்கள். போதகர் அதற்கு முன் 30 நொடி மௌனம் விட்டாலே வாசிப்பின் வேகம் மாறும். முதல் வாரம் இருமல் சத்தம்தான் கேட்கும். நான்காம் வாரம் அடங்கிவிடும். வேதம் வாசிப்பவருக்குப் பகுதியைப் புதன்கிழமையே கொடுங்கள், மூன்று முறை வாய்விட்டு வாசித்துவிட்டு வரட்டும்.

பரிந்து பேசும் ஜெபம் பொதுவாகவே போய்விடுகிறது: “தேசத்துக்காக, தலைவர்களுக்காக”. பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாட்களில் படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அடுப்பெரியவும், கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கடலில் இருப்பவர் கரை சேரவும் ஜெபிக்க வேண்டும். மூன்று பேர், ஆளுக்கு ஒரு நிமிடம். ஒருவராவது மீனவர் வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும். அவர் ஜெபத்தில் அலங்காரம் இருக்காது.

சத்தத்தைக் குறைத்ததோடு வேலை முடியாது. ஆமோஸ் 5:23-ல் பாட்டின் இரைச்சல் வேண்டாம் என்கிற தேவன் அடுத்த வசனத்திலேயே நியாயத்தைக் கேட்கிறார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது மத்தேயு 5-ல் இருக்கிறது. திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின வாரமே இதை அறிவித்து, பேசாமல் இருக்கும் இரு வீட்டாரையும் மூப்பர்கள் தனித்தனியே போய்ப் பார்க்கட்டும். மைக்கில் ஊர் பேர் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் வாலிபர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். மாதத்துக்கு ஒன்று போதும், கட்டையிலிருந்து தொடங்குங்கள். ரிதம் பேட் வாசிக்கும் தம்பியை எடுத்தவுடன் இறக்கிவிடாதீர்கள். சனிக்கிழமை ஒத்திகையில் அந்த வாரப் பாட்டின் சரணங்களை வாத்தியமில்லாமல் அவனையே முதலில் பாடச் சொல்லுங்கள். எங்கே வாசிக்க வேண்டும், எங்கே கையை எடுக்க வேண்டும் என்று அவனே சொல்வான்.